ரோதைமுனிக்கு வயது என்ன?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். இலங்கை மலைநாட்டில் பண்டாரவளைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா இங்கிலாந்தில் நர்ஸ். போன மாதம் போனில் பேசும்போது, தான் இப்போது ஒரு ‘பேகன்’ என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்து லயத்துப் போதகர் அது சாத்தான் வழிபாடு என்கிறார். கோயில் ஐயா, அப்படி ஒரு மதமே கிடையாது, வெள்ளைக்காரன் நேற்றுக் கட்டிவிட்ட கதை என்கிறார். அக்காவோ, “நம்ம முனியாண்டி கும்பிடுற மாதிரித்தான்” என்கிறாராம். மூன்று பேரில் யார் சொல்வது சரி?

போதகர் சொல்வது பிழை. கோயில் ஐயா சொன்ன விஷயம் பெரும்பாலும் சரி, அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் பிழை. அக்கா சொன்னதற்குத்தான் பதில் நீளம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், ரோலர் வேலை, அம்மா கொழுந்து பறிக்கிறவர். இங்கிலாந்தில் பதினாறு வருடம் முதியோர் இல்லமொன்றில் வேலை பார்த்தேன். அங்கேதான் இந்த வழிக்குள் போனேன், இன்னும் அதில்தான் இருக்கிறேன். இப்போது அட்டனில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். ஆகவே கரையில் நின்று ஆழம் சொல்கிற ஆள் நானில்லை. அதற்காக அக்காவுக்கு வக்காலத்து வாங்கவும் வரவில்லை.

பேகன் என்ற இலத்தீன் சொல்லைத் தோண்டினால் அடியில் கிடப்பது ‘நாட்டுப்புறத்தான்’. ரோமாபுரி கிறிஸ்தவத்துக்கு மாறிய பிறகும் பழைய சாமிகளை விடாதவர்களுக்கு விழுந்த பெயர் அது. தமிழில் மிஷன்காரர்கள் இப்படிப்பட்டவர்களுக்கு வைத்த பெயர் ‘அஞ்ஞானிகள்’. 1854இல் தோட்டத்து ஆட்களுக்கென்றே ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பெயரிலேயே கூலி இருக்கிறது, பாருங்கள். அவர்கள் கணக்கில் உங்கள் பூட்டனும் என் பூட்டனும் அஞ்ஞானிகள். அன்றைக்கு நம் ஆட்களை ஏசிய அதே பெயரை இன்றைக்கு உங்கள் அக்கா விரும்பி வைத்துக்கொண்டிருக்கிறார். இதை நினைத்தால் எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வரும், ஒரு பக்கம் என்னவோ செய்யும்.

பேகன் என்பது ஒரே மதத்தின் பெயரும் இல்லை. நிலாவையும் பருவங்களையும் வைத்துப் பூசை செய்யும் விக்கா என்ற வழிக்காரர்கள், பழைய பிரித்தானியப் பூசாரிகளின் பெயரை எடுத்துக்கொண்ட ட்ரூயிட்கள், ஐஸ்லாந்து நோர்வேப் பக்கத்து ஓடின், தோர் என்ற பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள் என்று பல கூட்டத்துக்கும் பொதுப் பெயர். சிலருக்கு ஒரு அம்மனும் ஒரு சாமியும், சிலருக்கு நூறு தெய்வம், சிலருக்குத் தெய்வமே இல்லை, மண்ணும் மரமும் நிலாவும்தான். சாத்தான் என்பவன் கிறிஸ்தவக் கதைக்குள் வாழ்கிறவன். அந்தக் கதையையே ஏற்காதவர்கள் அவனை மட்டும் பிய்த்தெடுத்து வந்து ஏன் கும்பிடப் போகிறார்கள்?

பயம் எங்கிருந்து வருகிறதென்றால், விக்காக்காரர்கள் தங்களை ‘விட்ச்’ என்று சொல்லிக்கொள்வார்கள். அதைத் தமிழில் சூனியக்காரி என்று சொன்னால் முடிந்தது கதை. நமக்குச் சூனியம் என்றால் செய்வினை, வாசலில் புதைத்த தகடு, வெட்டிப் போட்ட எலுமிச்சம்பழம். உங்கள் அம்மா பாதி அழுவது அந்த ஒரு சொல்லுக்காக இருக்கும். அவர்களுக்குள் பொதுவாகச் சொல்லிக்கொள்ளும் கட்டளை ஒன்றுதான்: யாருக்கும் தீங்கில்லையென்றால் உன் மனம்போலச் செய். அக்கா கழுத்தில் ஐந்து முனை நட்சத்திரம் தொங்கினால் அதற்கும் பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் இறந்துபோன படைவீரர்களின் கல்லறைக் கற்களில் சிலுவையைப் போல அதையும் பொறிக்கலாம் என்று 2007இல் அரசாங்கமே ஒத்துக்கொண்டது. ஐஸ்லாந்தில் பழைய தெய்வ வழிபாட்டுச் சங்கம் 1973இலேயே அரசு அங்கீகாரம் வாங்கிவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 கணக்கெடுப்பில் சுமார் 74,000 பேர் மதம் என்ற இடத்தில் பேகன் என்று எழுதினார்கள், இன்னும் 13,000 பேர் விக்கா என்று எழுதினார்கள். அவ்வளவு பெரிய நாட்டுக்கு இது ஒரு கைப்பிடிதான். ஆனால் இல்லாத மதத்துக்கு இத்தனை பேர் எழுத மாட்டார்கள்.

சரி, கோயில் ஐயாவிடம் வருவோம். வெள்ளைக்காரன் நேற்றுக் கட்டிவிட்டது என்கிறார். ஆமாம், கட்டியதுதான். எந்த வெள்ளைக்காரன் என்று கேட்டால்தான் நமக்குச் சுவை.

விக்காவை உலகறியக் கொண்டுவந்தவர் ஜெரால்ட் கார்ட்னர். 1884இல் இங்கிலாந்தில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே இழுப்பு, பள்ளிக்கூடப் படிப்பு ஒழுங்காக இல்லை. அவரை வளர்த்த ஆயா, இலங்கையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒருவரைக் கல்யாணம் செய்தபோது, இவரும் 1900இல் பதினாறு வயதில் இங்கே வந்துவிட்டார். வந்து சேர்ந்த இடம் மஸ்கெலியா! தேயிலைத் தொழில் பழகுகிற ‘கிறீப்பர்’ உத்தியோகம், அதாவது சின்னத்துரைக்கும் ஒரு படி கீழே. பிறகு ஹோர்ட்டன் சமவெளிக்கு அடியில் நன்பேரியல் தோட்டம், பெலிஹுல்ஓயாப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். தேயிலை வேலை அலுப்புத் தட்டினாலும் காட்டில் அலைவது பிடித்திருந்ததாம். 1911இல் போர்னியோவுக்குப் போனார், அப்புறம் மலாயா. 1936இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார்.

இடையில் இன்னொன்று. கார்ட்னரும் அந்தக் குடும்பமும் 1901இல் கொஞ்ச நாள் கண்டியில் ஒரு பங்களாவில் இருந்தார்கள். அடுத்த பங்களாவில் அப்போதுதான் இருந்துவிட்டுப் போயிருந்தவர்கள் அலிஸ்டர் குரோலியும் அலன் பெனட்டும். மாந்திரீகத்துக்கு ஐரோப்பாவில் பேர்போனவர் குரோலி. பெனட் நம்முடைய சேர் பொன்னம்பலம் இராமநாதனிடம் யோகம் படித்து, அடுத்து பர்மாவுக்குப் போய்ப் பௌத்த பிக்குவாகிவிட்டார். ஒரே வருடத்தில், ஒரே மலைநாட்டில், ஒரு சைவரிடம் கற்ற வெள்ளைக்காரர் பிக்குவாகக் கிளம்புகிறார், ஒரு மந்திரக்காரர் வந்து போகிறார், ஒரு கிறீப்பர் தேயிலை பழகுகிறார். ‘மாற்று மதம்’ என்பது ஏதோ புதிதாக வந்த கூத்து என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அதற்காக விக்கா பிறந்தது மஸ்கெலியாவில்தான் என்று பீற்றிக்கொள்ளவும் கூடாது. அது பிறந்தது தெற்கு இங்கிலாந்தில். 1939இல் அங்கே நியூ ஃபாரஸ்ட் என்ற காட்டோரத்தில் ஒரு இரகசியக் குழு தனக்குத் தீட்சை கொடுத்தது என்று கார்ட்னர் சொன்னார். 1735ஆம் ஆண்டின் பழைய சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. அது போன பிறகு, 1954இல் அவர் விக்காவைப் பற்றிப் புத்தகம் போட்டார்.

அந்தப் புத்தகத்தில், இது கிறிஸ்தவத்துக்கு முந்திய ஆதி மதத்தின் மிச்சம் என்றார். அந்தக் கருத்தை 1921இல் எழுதி வைத்தவர் மார்கரெட் மரே என்ற அறிஞர். சூனியக்காரிகள் என்று ஐரோப்பாவில் கொல்லப்பட்டவர்கள் உண்மையில் ஒரு பழைய மதத்தைச் சேர்ந்தவர்கள் என்பது அவர் வாதம். வரலாற்று ஆய்வாளர்கள் அதைத் துண்டு துண்டாக உடைத்துவிட்டார்கள். தொண்ணூறு லட்சம் பெண்களை எரித்தார்கள் என்று சில பேகன்கள் சொல்லுவார்கள், அதுவும் பொய்க்கணக்கு. ஆய்வாளர்களின் மதிப்பு நாற்பதாயிரத்துக்கும் அறுபதாயிரத்துக்கும் இடையில்தான். அதுவே போதுமான கொடுமை, கூட்டிச் சொல்லத் தேவையில்லை. பிறகு 1999இல் ரொனால்ட் ஹட்டன் என்ற வரலாற்றாசிரியர், விக்காவின் ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து வந்தது என்று அவிழ்த்துக் காட்டினார். நான் போய்வந்த குழுவில் அந்தப் புத்தகத்தை ஒரு குளிர்காலம் முழுக்கச் சேர்ந்து வாசித்தோம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சப் பேர், “சரி, நம்ம மதம் புதுசுதான், அதுக்கென்ன இப்போ?” என்று சொல்லிவிட்டு அடுத்த பௌர்ணமிக்கு வழக்கம்போல வந்து நின்றார்கள். எனக்கு அவர்கள்மேல் மதிப்பு வந்தது அன்றைக்குத்தான்.

ஏனென்றால் அப்போது எனக்கு ரோதைமுனி ஞாபகம் வந்தார்.

ரோதை என்றால் சக்கரம், போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். முனி நம்முடையவர். ஸ்டோரில் யந்திரம் சுற்றும்போது பெல்ட்டில் கை மாட்டாமல், ரோலரில் விரல் போகாமல் காக்கிற சாமி. என் அப்பா வேலையில் ஏறும் முன்பு அந்தப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். வெள்ளிக்கிழமை சூடம், வருடத்துக்கு ஒரு தடவை பெரிய பூசை. கவ்வாத்துக்கும், அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடும் வேலைக்கும், அப்படி ஒரு சாமி உண்டு, கத்தியை வைத்துக் கும்பிட்டுத்தான் முதல் தூரில் கை வைப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து நம் ஆட்கள் மூட்டை முடிச்சோடு மாரியம்மனையும் மதுரைவீரனையும் கொண்டுவந்தார்கள். ரோதைமுனியைக் கொண்டுவரவில்லை. அவர் இங்கே வந்த பிறகு உண்டான சாமி. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டது 1867இல். அதற்கு முந்திய கோப்பிக் காலத்துச் சக்கரங்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் இருநூறு வயது தாண்டாது. துரை வாங்கிய யந்திரம், போர்த்துக்கேயர் சொல், நம் முனி: மூன்றும் கலந்து ஒரு தெய்வம். எந்த ஆகமத்திலும் அவர் பெயர் இல்லை.

அவர் பொய்ச்சாமியா? கோயில் ஐயாவிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். விக்கா எழுபது எண்பது வருடத்துப் புதுசு என்பதற்காகத் தள்ள வேண்டுமென்றால், ரோதைமுனிக்கும் அதே தராசு. கையை யந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து வாழ்ந்தவர்களுக்கு ஒரு துணை தேவைப்பட்டது. அந்தத் தேவை உண்மை. அதிலிருந்து பிறந்த கும்பிடும் உண்மை. ஒரு மதத்தை வயதை வைத்து எடை போடுவதை நான் விட்டுவிட்டேன். அதைக் கும்பிடுகிறவர்கள் பக்கத்து ஆளை எப்படி நடத்துகிறார்கள் என்றுதான் பார்க்கிறேன்.

அப்படிப் பார்த்தால் பேகன்களிடமும் குறை இருக்கிறது. ஓடினுடைய அடையாளங்களைக் கையில் குத்திக்கொண்டு வெள்ளை இனவெறி பேசுகிற ஒரு கூட்டம் அதற்குள்ளே உண்டு. மற்ற பேகன்கள் அவர்களை எதிர்த்து நிற்கிறார்கள், என்றாலும் உண்டு. காளியின் படத்தைச் சட்டையில் அடித்து விற்கிறவர்களும், பளிங்குக் கல்லை இரண்டு மடங்கு விலைக்குத் தள்ளுகிறவர்களும் உண்டு. ஒரு தடவை ஒரு அம்மா எனக்கே காளி பூசை சொல்லித்தர வந்தார், கட்டணத்தோடு.

அக்கா சொன்ன ‘முனியாண்டி மாதிரித்தான்’ என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒற்றுமை நிறைய. மரத்தடி, தீ, நிலாக் கணக்கு, சாமிக்கு முன்னால் ஒரு வாய் சாராயம். ஆனால் பேகன் ஆகிறவர் தேர்ந்தெடுத்து ஆகிறார். புத்தகம் வாசித்து, நாலு இடம் போய்ப் பார்த்து, எது மனதுக்குப் பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறார். பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடலாம். முனியாண்டியை நான் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் எங்கள் லயத்துக்குக் காவல், நான் அந்த லயத்துப் பிள்ளை, அவ்வளவுதான். நேர்த்தி வைத்தால் தீர்க்க வேண்டும். திருவிழாக் காசு சம்பளத்தில் பிடிபடும், உனக்கு நம்பிக்கை உண்டா என்று யாரும் கேட்பதில்லை. அங்கே கரகம் யார் எடுப்பது, தப்பு யார் அடிப்பது, யார் எந்த இடத்தில் நிற்பது என்பதெல்லாம் பிறப்பிலேயே முடிவானது. அதை மறைத்துவிட்டு, நம் நாட்டார் வழிபாடு எவ்வளவு அழகு என்று லண்டனிலிருந்து எழுதுவது எனக்கு ஒத்துக்கொள்ளாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதவிலக்கு நாளில் தள்ளி நிற்கச் சொல்லாத முதல் வழிபாட்டை நான் அங்கேதான் பார்த்தேன். ஒரு பெண், ஐம்பது வயது, பஸ் ஓட்டுகிறவர், நடுவில் நின்று பூசையை நடத்தினார். அவர் தலைமையில் ஆண்கள் சுற்றி நின்றார்கள். உங்கள் அக்கா ஏன் போனார் என்று நான் ஊகிக்கக் கூடாது. ஆனால் நான் போனதற்கு அது ஒரு காரணம். அம்மாவுக்கு இதைச் சொன்னால் சாத்தான் கதையைவிடச் சீக்கிரம் விளங்கும்.

திரும்பி வந்த முதல் வருடம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பேகன் நாட்காட்டியில் வருடத்துக்கு எட்டுத் திருநாள். நான்கு சூரியனை வைத்து, நான்கு அவற்றுக்கு நடுவில். லண்டனில் டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது, ஜூனில் பதினாறரை மணி நேரம் இருக்கும். அங்கே சூரியன் போவதும் வருவதும் உடம்பில் உறைக்கும், அதனால் ஜூன் 21இல் தீ மூட்டிக் கொண்டாடுவது இயல்பு. நான் அதையே மஸ்கெலியாவில் செய்யப் போனேன். இங்கே வருடம் முழுக்கப் பகல் ஒரு மணி நேரம்கூட மாறுவதில்லை. ஜூன் என்றால் தென்மேற்குப் பருவமழை நம் சரிவில் கொட்டுகிற காலம். விறகு நனைந்து புகைகிறது, நான் குடையைப் பிடித்துக்கொண்டு ஊதுகிறேன். மேல் லயத்துப் பெரியம்மா பார்த்துவிட்டு, “என்னாத்தா, சாமிக்குக் குளிருதா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு விளங்கியது. இந்த வழியின் சாரமே நிற்கிற மண்ணின் பருவத்தைக் கும்பிடுவதுதான் என்றால், இங்கிலாந்தின் பருவத்தை இங்கே கும்பிடுவது அந்த வழிக்கே துரோகம். இப்போது என் நாட்காட்டி வேறு. ஜனவரியில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும் காலைகள் ஒன்று. மாசியில் காமன் கூத்து, மன்மதன் எரிந்த கதையை ஆடுகிற விழா. அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் கம்பம் ஊன்றுவதிலிருந்து எரிப்பது வரை, என் வயதுக்குத் தூக்கம் கெட்டாலும் போய்விடுவேன். சித்திரையில் கொழுந்து தள்ளி வரும்போது ஒன்று. மழை இறங்கும் முதல் வாரத்தில் ஒன்று. ஊவாப் பக்கம் ஜூலையில் காய்ந்த காற்று அடிக்கிறதே, நீங்கள் அந்தப் பக்கத்து ஆள், உங்கள் வருடம் எங்களுடையதுபோல இருக்காது. அக்கா வந்தால் அவருக்கு இதைக் காட்டுங்கள்.

நம் மலைநாட்டில் பல மதங்கள் சேர்ந்து இருப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எல்லா மதமும் ஒன்றுதான் என்று மேடையில் சொல்வார்களே, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எங்கள் வீட்டு வாசலிலிருந்து தெரியும் சிவனொளிபாதத்தைப் பாருங்கள். 2,243 மீட்டர் உயரத்தில் ஒரே பாதம். பௌத்தருக்குப் புத்தருடையது, நமக்குச் சிவனுடையது, முஸ்லிம்களுக்கு ஆதமுடையது, கிறிஸ்தவர்களில் சிலருக்குப் புனித தோமாவுடையது. நான்கும் ஒன்றல்ல. ஒருவர் சொல்வது சரியென்றால் மற்ற மூவர் சொல்வது பிழை. ஆனாலும் உந்துவப் போயா என்ற டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை இரவிரவாக எல்லாரும் அதே படியில் ஏறுகிறார்கள். மூச்சு வாங்குகிற பாட்டிக்குக் கை கொடுக்கிறவன், பாட்டி யார் பாதத்தைக் கும்பிடப் போகிறாள் என்று கேட்பதில்லை. அந்த மலையிலும் பெயர்ப்பலகைச் சண்டையும் இடச்சண்டையும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. கண்டிப் பெரஹராவில் ஐந்தாவதாக வருவது பத்தினி தேவாலயத்து ஊர்வலம், அது நம் கண்ணகிதான். அதே கண்டியில் 1983இல் தமிழர் கடைகள் எரிந்தன. சாமியைப் பங்கு போட்டுக்கொள்வதும் ஆளைப் பங்காளியாக நினைப்பதும் வேறு வேறு.

சட்டத்தில் அக்காவுக்கு இடம் இருக்கிறது. 1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. அதற்கு அடுத்த உறுப்புரையே, தான் விரும்பும் மதத்தை அல்லது நம்பிக்கையைக் கொள்ள ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் உண்டு என்கிறது. அதில் பட்டியல் ஏதும் இல்லை. குடிசனக் கணக்கெடுப்புக்கு வந்த பையன் என்னிடம் மதம் கேட்டபோது ‘இந்து’ என்றேன். கோழைத்தனம் என்று என் இங்கிலாந்துத் தோழி சொன்னாள். இருக்கலாம். அந்தப் படிவத்தில் ரோதைமுனிக்கும் தனிக் கட்டம் இல்லை, நாங்கள் இருவரும் ஒரே கட்டத்தில் ஒதுங்கிக்கொண்டோம்.

அம்மா விஷயம். அக்காவை மறுபடி போனில் பிடித்து, “பேகன் என்றால் என்ன” என்று விளக்கச் சொல்லாதீர்கள், விளக்கினால் இன்னும் கெடும். விடிய எழும்பி என்ன செய்கிறாய், எதைக் கும்பிடுகிறாய், விளக்கு வைக்கிறாயா என்று அம்மாவே கேட்கட்டும். அநேகமாக ஒரு மெழுகுவர்த்தி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர், கொஞ்சம் மண், ஊதுபத்தி என்று பதில் வரும். அதற்கு அம்மா, விளக்குக்கு எண்ணெய் ஊற்றினால் என்ன, மெழுகுவர்த்தி எதற்கு என்று சண்டை பிடிப்பார். அந்தச் சண்டை நல்லது, வரட்டும். குலசாமிக்கு அக்கா பேரில் வைத்த நேர்த்தி ஏதாவது பாக்கி இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். பேகன்கள் சாமிக்குக் கடன் வைக்க மாட்டார்கள், எனக்குத் தெரிந்தவர்கள் அப்படித்தான்.

லீவுக்கு எப்போது வரச் சொல்வது என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். மாசியில் வரச் சொல்லுங்கள், காமன் பார்க்கலாம், மலையும் ஏறலாம். அட்டனில் இறங்கினால் எங்கள் வீட்டில் தேத்தண்ணி உண்டு. ஜூனில் மட்டும் வேண்டாம், விறகு பற்றாது.